அம்மாவின் கூடுதல் சூரியன்கள்

எங்கள் வீட்டில் பல் தேய்ப்பதில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. விடிந்ததும் குழாயடியில் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் அடுப்பைப் பற்றவைக்குமுன் ஒரு தடவை. ஆக நாலு. நானும் தம்பியும் ஒரு தடவை தேய்ப்பதற்கே மூக்கால் அழுவோம். அப்பா சிவப்புப் பற்பொடியை விரலில் தொட்டு, முன்பற்கள் நாலுக்கு மட்டும் மரியாதை செய்துவிட்டுக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் அம்மா ஒருத்தியாவது உருப்படியாக இருக்கிறாளே என்று நான் பெருமைப்பட்டதில் என்ன தப்பு?

அம்மா தேய்த்தது மிஸ்ரி. புகையிலையைத் தவாவில் போட்டுக் கருகக் கருக வறுத்து, பொடித்து, துணியில் சலித்து டப்பாவில் அடைத்து வைப்பது. தாராவியில் எங்கள் சந்தில் அதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் நினைத்ததில்லை. பீடி குடிக்கிற ஆம்பிளையை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மிஸ்ரி தேய்க்கிற பெண்ணை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பல்தானே தேய்க்கிறாள்?

அம்மாவுக்கு அதைப் பழக்கிவிட்டது எதிர்வீட்டு மராத்திக்காரி. சந்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் மௌஷி, அதாவது சித்தி. அம்மா கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் கடைவாய்ப் பல்வலி வந்து கன்னம் வீங்கிக் குழாயடியில் நின்று அழுதிருக்கிறாள். மௌஷி தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவள் ஈறில் அப்பிவிட்டாளாம். இரண்டு குடம் நிறைவதற்குள் வலி போய்விட்டது. அம்மாவுக்கு அப்போது ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பம்பாயில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அதுதான். அதிலிருந்து மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்தே மிஸ்ரி வறுப்பார்கள். அன்றைக்குச் சந்து மொத்தமும் இருமும்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட அக்காமார்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் தலையணை பெரிசுக்கு ஒரு பிளாஸ்டர் பல்வரிசை. இன்னொருத்தி கையில் அதற்குத் தோதாக ஒரு முழ நீளத்துக்கு பிரஷ். அவர்கள் ஹிந்தியில் பேசினார்கள், டீச்சர் தமிழில் சொன்னார். வலி வந்தபிறகு பல்லைப் பார்ப்பது வைத்தியம், வராமல் பார்த்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்றார்கள். வீட்டில் ஒரு ஆள் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது, குடும்பம் மொத்தமும் தேய்க்க வேண்டும் என்றார்கள். போகும்போது வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிரஷும், பிள்ளைக்கு ஒரு அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அட்டையில் ஒரு வீடு. ஓட்டுக்கூரை, புகைபோக்கி, முன்னால் பூச்செடி. தாராவியில் அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே கிடையாது. அந்த வீட்டுக்கு மேலிருந்து கீழ்வரை ஜன்னல்கள், ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு ஜன்னல். காலையில் தேய்த்தால் ஜன்னலில் ஒரு சூரியன் வரைய வேண்டும், ராத்திரி தேய்த்தால் அதே ஜன்னலில் ஒரு நிலா. ஒரு மாதம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் முகாம். அட்டை நிரம்பி, வீட்டில் ஒருவர் விடாமல் வந்து வாயைக் காட்டினால், அந்தக் குடும்பத்தை நிற்க வைத்துப் படம் பிடித்து, சட்டம் போட்டுத் தருவார்களாம்.

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படம் இருந்தது, பழைய காலண்டர்கள் இருந்தன. நாங்கள் இல்லை. நாலு பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சட்டத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்பதை நான் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் போலீஸ் ராஜ்ஜியம். போலீஸ் நான். பாட்டிலை வெட்டி ஆணியில் தொங்கவிட்டு நாலு பிரஷையும் அதில் நிறுத்தினேன். தம்பி பேஸ்ட்டை விழுங்குகிறவன். அவன் துப்புகிறவரை பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் அவனுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. பல் ஒன்று குறைந்துவிட்டதால் பாதி ஜன்னல் தேய்த்தால் போதும் என்று அவன் வாதாடினான். குட்டு வாங்கிக்கொண்டு முழு ஜன்னலும் தேய்த்தான்.

அப்பா தோல் பட்டறையில் பை, பெல்ட்டுக்குத் தோல் வெட்டுகிறவர். வேலை விட்டு வந்ததும் கையை அலம்பிவிட்டுச் சாப்பிட்டுச் சாய்ந்தால் போதும் என்றிருக்கும் அவருக்கு. அந்த நேரம் பார்த்து நான் பிரஷை நீட்டுவேன்.

“ஏட்டி, நான் காலைலேர்ந்து தோல அறுத்துட்டு வாரேன். நீ என் உசுர அறுக்க.”

“நிலா போடணும்ப்பா.”

“போட்டுக்கோ. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?”

பிறகு பிரஷைத் தண்ணீரில் நனைத்து மட்டும் வைத்துவிடுகிற தந்திரத்தைக் கண்டுபிடித்தார். நான் பிரஷை முகர்ந்து பார்த்தேன். அடுத்த நாள் பிரஷில் பேஸ்ட்டைத் தடவி, கழுவி வைத்தார். நான் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் பட்டறையிலிருந்து வரும் மனிதர், வேறு வழியில்லாமல், சட்டையைக் கழற்றுமுன்பே நின்றபடி தேய்க்க ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்துக்குப் பரிசு கிடைக்காமல் போனால் அது இந்த மனிதரால்தான் போகும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அம்மாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பிரஷ் என்னவோ முதல் நாளே முறுக்கு அச்சு கழுவப் போய்விட்டது. சந்து முனையில்தான் அம்மா வேலை பார்த்த முறுக்குக் கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு அறை, மூன்று அடுப்பு, ஆறு பெண்கள். அச்சின் துளையில் ஒட்டியிருக்கும் மாவை எடுக்க இந்த பிரஷைப்போல ஒரு சாமான் கிடையாது என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள்.

“அட்டையில பிரஷ்னு போட்டிருக்கும்மா” என்றேன்.

“நான் தேய்க்கது மட்டும் என்னட்டி, சாணியா? ஒங்க எல்லாத்தையும் விட நான்தான் அதிகமாத் தேய்க்கேன். போ, போய்க் கோடு போடு.”

நியாயமாகத்தான் பட்டது. அட்டை கேட்டது இரண்டு தடவை. அம்மா தேய்த்தது நாலு. ஒரு சூரியனும் ஒரு நிலாவும் போட்டபிறகு இரண்டு தடவை மிச்சம் கிடந்தது. அதை வீணாக்க எனக்கு மனமில்லை. ஜன்னலுக்குள் இடம் இல்லாததால் வெளியே, கூரைக்கு மேலே, புகைபோக்கியைச் சுற்றி, பூச்செடிகளுக்கு நடுவே என்று தினமும் இரண்டு சூரியன்களைக் கூடுதலாக வரைந்தேன். மாதக் கடைசியில் அந்த வீடு முழுக்க அம்மாவின் சூரியன்கள்.

முன்னெல்லாம் அவள் காலையும் மாலையும்தான் தேய்ப்பாள். நாலு தடவை என்றானது அந்த வருஷம்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் அவள் குழம்பில் கிடக்கும் மீனை எடுத்துத் தண்ணீரில் அலசிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ஊறுகாயைத் தொடுவதில்லை. சூடான டீயை ஆற ஆற வைத்து, பச்சைத் தண்ணீராகக் குடிப்பாள். “ஒங்கம்மா மகாராணி ஆயிட்டா” என்று அப்பா கிண்டல் செய்வார், நாங்களும் சிரிப்போம், அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் எப்போது சிரித்தாலும் அப்படித்தான். பற்களின் அடியில் மிஸ்ரி கறுப்பாக இறங்கியிருந்ததில் அவளுக்கு வெட்கம்.

முகாமுக்கு வரமாட்டேன் என்றது, நான் நினைத்ததற்கு மாறாக, அம்மாதான். ஒரு மாதம் என்னிடம் சித்திரவதைப்பட்ட அப்பா, லீவு நாள் சட்டையை எடுத்துத் தயாராக வைத்துவிட்டார். அம்மா மட்டும் அசையவில்லை. நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன். இரண்டும் அவளிடம் எடுபடாது என்று தெரிந்தும் செய்தேன்.

முகாமுக்கு முந்தின நாள், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்த் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“அந்த டாக்டருங்க கன்னத்துக்கு உள்ள எல்லாமா பாப்பாங்க?”

அவள் அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. “இல்லம்மா. பல்ல மட்டும்தான். ஒரு நிமிஷத்துல விட்டுருவாங்க” என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன்.

அதைக் கேட்டு அவள் நிம்மதியானதாகத் தெரியவில்லை. துணியை இரண்டு தரம் கூடுதலாகவே அடித்தாள். “சரி, வாரேன். ஆனா போட்டோல வாயத் தொறக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், பாத்துக்கோ” என்றாள். எனக்கு அது போதும். நாலு பேரும் படத்தில் இருந்தால் சரி, வாய் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

பள்ளி வராந்தாவில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச் லைட், சின்னக் கண்ணாடி. கடைசியில் ஒரு ஏரியும் மலையும் வரைந்த திரையைக் கட்டி, போட்டோக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் அப்பா. சிவப்புப் பொடி ஆசாமியின் பல்லில் ஒரு பழுதும் இல்லை. குதிரைப் பல் என்று அந்த டாக்டர் அக்கா சிரித்தாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். அடுத்து தம்பி. ஒரு சொத்தை. அடுத்து போலீஸ். எனக்கு இரண்டு சொத்தை. தம்பி கைதட்டினான். அவனை அப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்வதாக மனதில் குறித்துக்கொண்டேன்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெளியாட்களிடம் அவளுக்காகப் பேசுவது என் வேலை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்ட் பில் என்று எங்கே போனாலும் ஹிந்தி பேச என்னைத்தான் கூட்டிப்போவாள். அவள் கற்றிருந்த ஹிந்தி குழாயடிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் காணும். ஆகவே நான் அவள் பக்கத்தில் வக்கீல் மாதிரி நின்றுகொண்டேன்.

டாக்டர் அக்கா அட்டையைப் புரட்டினாள். புகைபோக்கியைச் சுற்றியிருந்த சூரியன்களைப் பார்த்தாள். “யே சப் கிஸ்கா ஹை?” இதெல்லாம் யாருடையது என்று கேட்டாள்.

“எங்கம்மா. ஒரு நாளைக்கு நாலு தடவை தேய்ப்பாங்க” என்று ஹிந்தியில் உரக்கச் சொன்னேன்.

அவள் மற்ற அக்காமார்களைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா ஒன்றும் புரியாமல் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எந்த பேஸ்ட் என்று அக்கா கேட்டாள்.

“பேஸ்ட் இல்லை. மிஸ்ரி.”

கடையிலேயே உசந்த சாமானின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னேன். கைதட்டல் நின்றுபோனது. சிரித்துக்கொண்டிருந்த அக்கா, சிரிப்பு முகத்திலேயே இருக்க, டார்ச்சை எடுத்தாள். பல்லைப் பார்க்கவில்லை. உதட்டை மடக்கிப் பார்த்தாள். கன்னத்தை ஒரு விரலால் இழுத்து உள்ளே வெளிச்சம் அடித்தாள். நான் பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. காரம் பட்டால் எரிகிறதா என்று அக்கா கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

“ஆமா” என்றாள் அம்மா.

அதோடு விட்டிருக்கலாம். மீனை அலசிச் சாப்பிடுவாள் என்பதையும் என் பங்குக்குச் சேர்த்துச் சொன்னேன். எவ்வளவு நாளாக என்ற கேள்வி வந்தது.

“தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே இருக்கு. மிஸ்ரி வச்சா செத்த நேரம் மரத்துப் போயிரும். அதான் அடிக்கடி வைக்கேன்” என்றாள் அம்மா. எரிகிற இடத்துக்கு எரித்ததையே மருந்தாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதையும் ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். ரொம்ப நன்றாகச் சொன்னதாக ஞாபகம்.

பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவரும் கன்னத்தை இழுத்துப் பார்த்தார், அக்காவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேட்டா, மம்மி கோ போலோ…”, அம்மாவிடம் சொல் என்று தொடங்கினார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். அவர் மேலே பேசவில்லை. என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். உங்கள் டீச்சர் எங்கே என்று கேட்டார்.

டீச்சர் வந்ததும் என்னை அந்தண்டை போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. டீச்சரின் ஹிந்தி எனக்குத் தெரியாதா? ஆணையும் பெண்ணாக்கிப் பேசுவார். என் வேலையை, என் அம்மாவை, அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் தம்பியும் மைதானத்தில் குச்சி ஐஸ் வாங்கப் போயிருந்தார்கள். நான் அந்தத் தலையணைப் பல்வரிசையிடம் போய், முழ பிரஷை எடுத்து, அது தேயத் தேயத் தேய்த்தேன்.

அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. பெரிய டாக்டர் மெல்லப் பேச, டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடிப்பதற்குத் தவிர டீச்சர் யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. கடைசியில் டீச்சரிடம் ஏதோ ஒன்று கேட்டாள். டீச்சர் விளங்காதவர்போல அவளையே பார்த்துவிட்டு, கையை நீட்டி வராந்தாக் கடைசியைக் காட்டினார். அந்தப் பக்கம்தான் தண்ணீர்க் குழாய். வாய் கொப்பளிக்க இடம் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் கொப்பளிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“வாட்டி. போட்டோ எடுக்கணும்லா?”

அப்பாவும் தம்பியும் அதற்குள் திரும்பியிருந்தார்கள். தலைப்பு நுனியை நனைத்துத் தம்பி முகத்தில் வழிந்திருந்த ஐஸைத் துடைத்தாள். என் பின்னலை அவிழ்த்து, அந்த வராந்தாவிலேயே நின்று, சிக்கெடுத்துத் திரும்பப் பின்னினாள். அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். கோயிலுக்குப் போகும்போதுகூட இத்தனை பார்க்க மாட்டாள். திரைக்கு முன்னால் நாங்கள் நின்றோம். போட்டோக்காரர் ஸ்மைல் என்றார்.

அம்மா சிரித்தாள். தலைப்பு கையில் இல்லை. கறுத்த பல்லெல்லாம் தெரிய, ஈறு தெரிய, வாய் நிறைய. சிரிப்புச் சத்தம் கேட்டு நான் ஆச்சரியமாகத் திரும்ப, அந்த நேரம் பார்த்து அவர் படத்தை எடுத்துவிட்டார். இன்றும் அந்தப் படத்தில் மூன்று பேர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அம்மாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

“பையா, ஏக் அவுர்” என்றாள் அம்மா, தன் காய்கறிக் கடை ஹிந்தியில். இன்னொன்று. அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் இடுக்கிக்கொண்டு மறுபடியும் அதேபோலச் சிரித்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள், பரிசு என்றதும் எப்படி மாறிவிட்டாள் பார் என்று எனக்கு ஒரே பெருமிதம்.

அன்று சாயங்காலம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டணுமாம். பரேல்ல” என்றாள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பெரிய டாக்டர்கள். நாலு தடவை தேய்க்கிறவளின் பல்லைப் பெரிய டாக்டர்கள் பார்க்க விரும்புவதில் என்ன அதிசயம்? சந்துக்கு ஓடினேன். இட்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்களிடமும், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்களிடமும், எதிர்வீட்டு மௌஷியிடமும் சொன்னேன்: “எங்கம்மா பரேல் ஆஸ்பத்திரிக்குப் போறா!”

மும்பையில் பரேல் ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். அது எனக்குத் தெரியாது. சந்துக்குத் தெரியும். முறத்தின் சத்தம் நின்றது. மௌஷி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். “அரே தேவா” என்று தலையில் கையை வைத்துக்கொண்டவள், பிறகு எழுந்து எங்கள் வீட்டுக்குள் ஓடி அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே வரும்போது கையில் அம்மாவின் டப்பா. தன் டப்பாவையும் எடுத்துவந்து இரண்டையும் சாக்கடையில் கொட்டினாள். கறுப்புத் தூள் தண்ணீரில் பரவிப் போனது. மௌஷிக்குப் பொறாமை என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பரேலில் அம்மாவின் கன்னத்துக்குள் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை அப்பா பட்டறைக்குப் போய்வந்தார், அம்மா கம்பெனிக்குப் போய்வந்தாள். ரிசல்ட் வாங்கி வந்த அன்று அப்பா வாசலிலிருந்தே சொன்னார்: “இன்னும் ஆகலையாம்.” அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். என்ன ஆகவில்லை, ஆகாததற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் புரியவில்லை. வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, இன்னும் நோயாக மாறவில்லை, மிஸ்ரியை இன்றோடு விட்டால் மாறாமலே போகலாம், விடாவிட்டால் சொல்வதற்கில்லை. அதுதான் சங்கதி.

விடுவது லேசாக இல்லை. அந்த ஒரு மாதம் அம்மாவைப்போல ஒரு பொல்லாத மனுஷியை நான் பார்த்ததில்லை. தொட்டதற்கெல்லாம் கத்தினாள். தம்பியை ஒன்றுமில்லாததற்கு அடித்துவிட்டு, அவளே அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். முறுக்கு அச்சு ஒரு தடவை சுவரில் போய் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால் அவளுக்குக் காலையில் பசிக்க ஆரம்பித்தது. “ஏங்க, எனக்குப் பசிக்குங்க” என்று ஏதோ புது வியாதிபோல அப்பாவிடம் சொன்னாள். இத்தனை வருஷம் எங்கள் மூன்று பேருக்கும் வைத்துவிட்டுத் தனக்குக் காலையில் ஒன்றும் இறங்காது என்றவள். மிஸ்ரிதான் அந்தப் பசியைத் தின்றுகொண்டிருந்தது. அப்பா பாவ் ரொட்டி வாங்கிவந்து, பிய்த்து, டீயில் நனைத்துக் கொடுப்பார்.

அப்பாவிடமும் ஒரு மாற்றம். விடிகாலையில் அம்மாவோடு அவரும் எழுந்து குழாயடிக்குப் போனார். பெண்கள் வரிசையில் ஒற்றை ஆம்பிளையாக, யார் சிரித்தாலும் சட்டை பண்ணாமல், வாயில் நுரையோடு அம்மாவின் பக்கத்தில் நின்று தேய்த்தார். அவள் கை டப்பாவைத் தேடி இடுப்புக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிரஷை எடுத்து நீட்டினார். முறுக்கு அச்சு கழுவப் போனதற்குப் பதிலாக அவரே வாங்கிவந்த புது பிரஷ். நான் ஒரு மாதம் போட்ட அதட்டலுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எண்ணி, முடிந்துபோன அட்டையின் பின்பக்கத்தில் அப்பாவுக்கும் இரண்டு சூரியன் கூடுதலாக வரைந்தேன்.

வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்கள். இன்றுவரை அம்மா அதைத் தவறவிட்டதில்லை. போகும்போது சும்மா போகமாட்டாள், மௌஷியையும் பக்கத்தில் இருக்கும் முனிசிபாலிட்டி பல் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் ஓய்வாள். எங்கள் வீட்டில் இப்போது என் மகள் உட்பட ஒருவரும் அம்மாவிடம் வாயைக் காட்டாமல் தூங்க முடியாது. போலீஸ் வேலை கைமாறிவிட்டது.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அவளோடு முதல் தடவையாகப் பரேலுக்குப் போனேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. புதிதாக வந்திருந்த டாக்டர் பழைய பைலை முதல் பக்கத்திலிருந்து படித்து, அம்மாவிடம் விளக்கச் சொல்லி என்னிடம் ஹிந்தியில் சொன்னார்: முதல் தடவை பள்ளி முகாமிலிருந்து அனுப்பும்போதே இது புற்றுநோயாக இருக்கலாம் என்றுதான் எழுதி அனுப்பியிருக்கிறார்கள், கன்னத்தையும் தாடையையும் சேர்த்து எடுக்கவேண்டி வரலாம் என்று அப்போதே உங்கள் அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறார்கள், நல்லவேளை தப்பித்தார். ஒன்பது வயதில் எனக்குக் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்ட வார்த்தைகள் ஒன்பது வருஷம் கழித்து என் கையில் வந்தன. வாயைத் திறந்தேன், வரவில்லை. “எனக்குத் தெரியும்ட்டி, விடு” என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மிளகாய் போட்ட முறுக்கு.

“டீச்சர் அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம்மா? தாடைய எடுக்கது வரைக்கும்?”

“சொன்னா. பாவம், அவதான் என் கைய விடவே இல்ல.”

“நீ அவங்கள்ட்ட ஏதோ கேட்டியே. நான் தூரத்துலேர்ந்து பாத்தேன். பொழைப்பேனான்னா கேட்ட?”

அம்மா கையிலிருந்த முறுக்கை உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள்.

“அதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? போட்டோக்காரன் போயிட்டானா, இருக்கானான்னு கேட்டேன்.”